முடியும் என்று காட்டியவர்கள்

தென்சென்னைத் தொழில் வட்டாரத்தைப் பற்றி எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் குறை சொல்லவே வருகிறார்கள். நெரிசல், புழுதி, வெள்ளம், ஆட்குறைப்பு என்று அவர்களிடம் பட்டியல் நீளமாக இருக்கும். நான் புகழ வந்திருக்கிறேன். பல்லாவரத்திலிருந்து மகேந்திரா சிட்டி வரை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியும், மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரையும் பரந்து கிடக்கும் இந்த நிலத்தில் அறுபது எழுபது ஆண்டுகளில் நடந்திருப்பது எளிய காரியமல்ல. அதைச் செய்து முடித்தவர்களின் வல்லமையை ஒரு முறையாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லும் தகுதி ஊரப்பாக்கத்துக்காரர்களுக்கு உண்டு. இருள் பிரியும் முன்பே கம்பெனி பஸ்கள் வந்து ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஊர் இது. ஆலைகள் அக்கம்பக்கத்து ஊர்களில் நிற்கின்றன. அவற்றில் வேலை செய்கிறவர்கள் இங்கே வாடகை கொடுத்துத் தூங்குகிறார்கள்.

கிண்டித் தொழிற்பேட்டை 1958-ல் வந்தது. மாநில அரசின் சிப்காட் நிறுவனம் 1971-ல் பிறந்தது. 1980-ல் மறைமலையடிகள் பெயரால் ஒரு புதுநகரமே உருவானது. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1984-ல் தொடங்கியது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கால் ஊன்றியது. மறைமலை நகரில் ஃபோர்டு, செங்கல்பட்டுக்கு முன்னால் மகேந்திரா சிட்டி, அங்கே பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர் என்று அடுத்தடுத்து வந்தன. ஜெயலலிதா ஆட்சியில் பேசி முடித்த ஃபோர்டு, கருணாநிதி ஆட்சியில் கார் செய்தது. மற்ற எல்லாவற்றிலும் சண்டையிட்ட இரு கட்சிகளும் இதில் மட்டும் ஒருவர் வைத்த செங்கல்லை இன்னொருவர் பிடுங்கவில்லை. இன்று ஆலைகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே தமிழ்நாடுதான் முதலிடம். நாட்டில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். இந்தப் பெருமையை நான் மனமாரச் சொல்கிறேன்.

முதலில் வேகத்தைப் புகழ வேண்டும். ஆலைக்கு நிலம் வேண்டும் என்றதும் அதற்கென்றே 1997-ல் தனிச் சட்டம் செய்தார்கள். நோக்கியா 2005-ல் ஒப்பந்தம் போட்டது. 2006 தொடங்கியபோது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போன்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. வெறும் நிலம் ஓராண்டு முடிவதற்குள் உலகச் சந்தைக்குப் பொருள் அனுப்பியது. 2018-ல் தொழில் எளிதாக்கல் சட்டம் வந்தது. குறித்த காலக்கெடுவுக்குள் அதிகாரி பதில் சொல்லவில்லை என்றால், சில அனுமதிகள் கொடுக்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்று அது சொல்கிறது. அரசு அலுவலகத்தின் மௌனத்தையே சம்மதமாக்கிய சட்டம். ஒரு சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கோப்பு நகராது என்பது பொய், நகர வேண்டும் என்று மேலே நினைத்தால் ஓடும் என்பதை இந்தச் சட்டம் எழுத்தில் நிரூபித்திருக்கிறது.

அதே அரசின் தொழிலாளர் துறையிடம் நிதானமும் உண்டு. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சங்கம் பதிவுசெய்ய உரிமை தரும் சட்டம் 1926-லேயே வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. விண்ணப்பம் போனது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபத்தைத் துறை மிகக் கவனமாகப் பரிசீலித்தது. செப்டம்பர் 9-ல் வேலைநிறுத்தம் தொடங்கி, அமைச்சர்கள் உட்கார்ந்து பேசி, அக்டோபர் 15-ல் முடிந்தபோதும் பரிசீலனை முடியவில்லை. ஆறு வாரத்துக்குள் முடிவெடுங்கள் என்று டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரி கடைசியில் பதிவுச் சான்றிதழ் வந்தது. ஆலைக்கான தாளில் மௌனம் சம்மதம். ஆலைக்குள் வேலை செய்கிறவரின் தாளில் மௌனம் மௌனம்தான். அவசரப்படவும் நிதானிக்கவும் ஒருசேரத் தெரிந்த நிர்வாகம் இது. எந்தத் தாளுக்கு எது என்று தேர்ந்தெடுக்கும் தெளிவும் அதற்கு இருக்கிறது.

சட்டப்பேரவையின் வேகத்தையும் விட்டுவிடக் கூடாது. நாளைக்கு 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-ல் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எழுந்து எதிர்த்தன. மூன்றாம் நாள் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1-ல், தொழிலாளர் தினத்தில், திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். செய்த தவற்றைப் பத்தே நாளில் திருத்திக்கொண்ட அரசுகள் உலகில் அதிகமில்லை, அந்தப் பாராட்டு இந்த அரசுக்கு உரியது. மே மாதத்தில் காட்டிய காதை ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால், எட்டு மணி நேர வேலைக்காக உயிர்விட்டவர்களின் நாளில் அந்த அறிவிப்புக்கே தேவை வந்திருக்காது.

அடுத்த புகழ் சட்டம் எழுதியவர்களுக்கு. 1981-லேயே தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெரும்பாலான மாநிலங்கள் நினைத்துப் பார்க்காத நியாயம். இந்தச் சட்டம் எவ்வளவு வலிமையானது என்பதைத் தொழில் வட்டாரத்தில் பழகியவர்கள் அறிவார்கள். அதன் கையில் அகப்படாமல் இருக்க எத்தனை பெயர்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது! ட்ரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட், குறிப்பிட்ட கால நியமனம். ஒரே லைனில், ஒரே ஸ்பானரைப் பிடித்து, ஒரே காரை முடுக்குகிற நான்கு பேருக்கு நான்கு பெயர், நான்கு சம்பளம், நான்கு நிறத்தில் அடையாள அட்டை. 2022-23 ஆண்டுக்கான தொழில்துறைக் கணக்கெடுப்பின்படி இந்திய ஆலைத் தொழிலாளர்களில் ஐந்தில் இருவர் காண்ட்ராக்ட். எங்கள் தெருக்களில் வாடகைக்கு இருக்கும் பையன்களிடம் "பர்மனென்டா?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர்கள் முகம் வாடும் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியும். ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்து, தென் மாவட்டத்திலிருந்து வந்து, ஓ.டி. பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பி, 480-ஐத் தொடுவதற்குள் அடுத்த கம்பெனிக்கு மாறி, முப்பது வயதில் மீண்டும் ட்ரெய்னியாகிறவர்கள் அவர்கள். அந்த உழைப்பைப் புகழ எனக்கு வார்த்தை போதாது. இப்படியொரு பொறுமையை எந்த முதலீட்டு மாநாட்டிலும் விலை கொடுத்து வாங்க முடியாது.

பெண்களின் பொறுமைக்கு எல்லை இருந்தது, அந்த எல்லையைக் காட்டியதற்காக அவர்களை இன்னும் அதிகமாகப் புகழ வேண்டும். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சானது. 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகளின் நிலை என்ன என்று யாரும் ஒழுங்காகச் சொல்லாததால், இருபது இருபத்திரண்டு வயதுப் பெண்கள் இரவில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரு நெருக்கமான அறையில் எத்தனை பேர் தரையில் படுக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. பிறகு வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தைக் கட்டியது. 2024 ஆகஸ்டில் அது திறந்தது. இந்தியாவில் இதற்கு நிகராக ஆலைப் பெண்களுக்கு விடுதி கட்டிய அரசைக் காட்டுவது கடினம். திட்டமும் இருந்தது, நிலமும் இருந்தது, பணமும் இருந்தது. நஞ்சான சோறு ஒன்றுதான் குறைவாக இருந்தது போலும், அதையும் அந்தப் பெண்கள் தங்கள் வயிற்றால் ஈடுசெய்தார்கள்.

கம்பெனிகளின் நேர்மையும் புகழத்தக்கது. போகிற நாளைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். 2021 செப்டம்பர் 9-ல் ஃபோர்டு, இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம், மறைமலை நகரில் 2022 நடுவில் முடியும் என்றது. சொன்னபடியே முடித்தது. அமெரிக்கச் சாலைகளில் ஓடிய எக்கோஸ்போர்ட்டை இங்கிருந்து கப்பலேற்றிய கைகள், நாற்பது வயதுக்கு மேல் புதிதாக பயோடேட்டா எழுதின. கூடுதல் செட்டில்மென்ட் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களிலும் கடைசி கார்களை முடித்துக் கொடுக்கத் திரும்பியவர்கள் உண்டு. கம்பெனிப் பதிவேட்டில் இருந்தவர்களுக்காவது பேச ஒரு மேசை இருந்தது. சப்ளையர் கம்பெனிகளில் காண்ட்ராக்டில் இருந்தவர்களுக்கும், கேன்டீன்காரருக்கும், கம்பெனி பஸ் ஓட்டியவருக்கும் அந்த மேசை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. 2025 அக்டோபர் 31-ல் ஃபோர்டு மீண்டும் கையெழுத்திட்டது. 3,250 கோடி ரூபாய், ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 2029-ல் உற்பத்தி, 600 பேருக்கு வேலை. திரும்பி வருவது நல்ல செய்தி, மறைமலை நகரில் அதற்குக் கைதட்டாதவர் இல்லை. மூடியபோது அங்கே வேலை இழந்தவர்கள் ஏறத்தாழ 2,600 பேர் என்பதையும் மறைமலை நகர் மறக்கவில்லை.

கம்பெனிகள் இப்படி வந்து போவது நம் ஊரின் தனிக் குணமல்ல. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் விசெவோலோஷ்ஸ்க் என்ற ஊரில் ஃபோர்டு 2002-ல் ஆலை திறந்து 2019-ல் மூடியது. வோல்கா ஆற்றங்கரையில் தோலியாத்தி என்ற கார் நகரம் இருக்கிறது, அதன் உயிர்மூச்சு அவ்தோவாஸ் ஆலை. உக்ரைன் போர் தொடங்கியபின் 2022-ல் உதிரிப்பாகம் வராமல் அங்கே லைன் நின்றது. மே மாதம் ரெனோ தன் பெரும்பங்கை ஒரு ரூபிளுக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியது. ஆறு ஆண்டுக்குள் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதி வைத்துக்கொண்டது. அதே ரெனோதான் 2025-ல் ஒரகடம் ஆலையில் நிசானின் பங்கையும் வாங்கி முழு உரிமையாளர் ஆகியிருக்கிறது. கம்பெனிக்குத் திரும்பி வரும் உரிமையை எழுதி வைக்கத் தெரிகிறது. தோலியாத்தித் தொழிலாளிக்கும் ஒரகடம் தொழிலாளிக்கும் அப்படி ஒரு வரியை எந்த ஒப்பந்தத்திலும் யாரும் எழுதுவதில்லை. நம்மை ஆசியாவின் டெட்ராய்ட் என்று மேடைதோறும் புகழ்கிறார்கள். 1950-ல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த அந்த நகரம் 2013-ல் திவாலானதாக நீதிமன்றத்தில் மனுப் போட்டபோது ஏழு லட்சம் பேரோடு நின்றது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ஹெரால்டு கார் செய்த இடத்தில் இப்போது ஐ.டி. வளாகம் நிற்கிறது. அந்தப் புகழுக்கு நாம் முன்பே ஒரு தவணை கட்டியிருக்கிறோம்.

சிறுதொழில்காரர்களைப் புகழாமல் இந்தப் பட்டியல் முடியாது. திருமுடிவாக்கத்திலும் மறைமலை நகரிலும் கிண்டியிலும் இரண்டு லேத், ஒரு மில்லிங் மிஷின், ஐந்தாறு ஆட்கள் என்று நடத்துகிறவர்கள். அவர்களுக்காக 2006-ல் நாடாளுமன்றம் அருமையான சட்டம் தந்தது. பொருள் வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. கந்துவட்டிக்காரரே பொறாமைப்படும் உரிமை. பெரும்பாலான பட்டறைக்காரர்கள் அதைக் கேட்டதில்லை. கேட்டால் வட்டி வரும், அடுத்த ஆர்டர் வராது. ஆகவே 90 நாள் பொறுக்கிறார்கள், 120 நாள் பொறுக்கிறார்கள், வீட்டு நகையை வைத்து சனிக்கிழமை கூலி கொடுக்கிறார்கள். 2022-ல் மின்கட்டணம் ஏறி, உச்ச நேரக் கட்டணமும் சேர்ந்த பிறகு தெருவில் நின்று மனிதச் சங்கிலி கோர்த்துவிட்டு, மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்தார்கள். உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பவர்கள் யார் என்று கேட்டால், தயங்காமல் இவர்களைச் சொல்வேன்.

இந்த மண்ணுக்குப் புகழ்ச்சியின் பழைய பாடம் ஒன்று உண்டு. அதியமானுக்காகக் காஞ்சித் தொண்டைமானிடம் தூது வந்த ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்தார். நெய் பூசி, மாலை சூட்டிப் பளபளக்கும் ஆயுதங்களை உள்ளபடியே வியந்தார். அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதே தொண்டை நாட்டில், செங்கல்பட்டை அடுத்த திருமணியில், நூறு ஏக்கரில் மத்திய அரசின் எச்.எல்.எல். தடுப்பூசி வளாகம் நிற்கிறது. 2012-ல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்த திட்டம். கட்டடம் எழுந்தது, இயந்திரங்கள் வந்து இறங்கின, அவற்றைத் துடைத்துப் பராமரித்தார்கள். 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் தடுப்பூசிக்கு வரிசை நின்றபோது அங்கிருந்து ஒரு மருந்துக்குப்பிகூட வெளியே வந்ததில்லை. முதலமைச்சர் ஸ்டாலின் நேரில் போய்ப் பார்த்தார், மாநிலத்திடம் குத்தகைக்குக் கொடுங்கள் என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இயந்திரங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஆக்சிஜனுக்குத் தவித்த மே மாதம் அது.

கடைசியாக எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 30-ல் எங்கள் ஊரை ஒட்டிக் கிளாம்பாக்கத்தில் திறந்த பேருந்து முனையம் உண்மையிலேயே அழகானது. 88 ஏக்கர், 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. தென் மாவட்டத்துப் பிள்ளைகள் ஊரப்பாக்கத்தில் தங்கி ஒரகடத்தில் வேலை செய்து தீபாவளிக்கு ஊர் போகும் வாசல். அதன் பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. திறந்த நாளில் அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை. பெட்டியும் குழந்தையுமாக வந்தவர்கள் ரயிலைப் பார்த்தபடியே ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோவிடம் பேரம் பேசினார்கள். மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பினால் அடையாறு வழி தேடும். 2015 டிசம்பரில் அது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வழி கண்டது. ஷிஃப்டு முடிந்து வந்தவர்கள் படகில் வீட்டுக்குப் போனார்கள், நீர் வடிந்ததும் மறுபடி வேலைக்குப் போனார்கள். உலகுக்குக் கார் செய்கிறவர்களின் நகர வாழ்க்கையை நெடுங்காலம் ஓர் ஊராட்சியின் சிறிய வரவு செலவே தாங்கியது. தண்ணீர் லாரியும் செப்டிக் டேங்க் லாரியும் மாறி மாறி வந்து அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொண்டன.

2024 ஜனவரியில் நந்தம்பாக்கத்தில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6,64,180 கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்தத் தொகையில் பாதி வந்தாலும் மகிழ்வேன், முழுதும் வந்தால் இன்னும் மகிழ்வேன். இவ்வளவையும் நான் புகழ்வதற்குக் காரணம் ஒன்றுதான். கையாலாகாதவர்களிடம் கோபித்துப் பயனில்லை. ஆட்சியில் இருப்பவர்களே, நீங்கள் கையாலாகாதவர்கள் அல்ல. ஓராண்டுக்குள் ஆலை எழுப்பத் தெரிந்தவர்கள், பத்து நாளில் சட்டத்தைத் திருப்பத் தெரிந்தவர்கள், பதினெட்டாயிரம் கட்டில் போடத் தெரிந்தவர்கள். அப்படியிருக்க, சங்கப் பதிவுக்கும் காலக்கெடு வைத்து, பதில் இல்லையென்றால் பதிவானதாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி எழுத உங்களால் முடியும். 480 நாள் சட்டத்தை ஆலை வாசலில் நின்று கணக்குப் பார்க்க முடியும். சலுகை வாங்கும் கம்பெனி பட்டறைக்காரருக்கு 45 நாளில் பணம் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த சலுகையைக் கொடுக்க முடியும். மூடிப் போகும் ஆலையின் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இழப்பீட்டில் பங்கு வேண்டும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுத முடியும். விடுதியைச் சோறு நஞ்சாகும் முன்பும், ரயில் நிலையத்தைப் பேருந்து வரும் முன்பும், வடிகாலை வெள்ளம் வரும் முன்பும் கட்ட முடியும்.

இவற்றில் எதையாவது முடியாது என்று இனி நீங்கள் சொன்னால், இந்த வட்டாரத்தில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும் வசதியை உங்கள் சாதனைகளே உங்களிடமிருந்து பறித்துவிட்டன.